ஒற்றை ஆளுக்கும் ஒரு பெயர்ப் பலகை: சின்ன நாடுகளின் அணிகள் பற்றிக் கேள்வி பதில்

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். ஒலிம்பிக், காமன்வெல்த் என்று எது வந்தாலும் பெரிய நாடுகளை விட்டுவிட்டு, நாலு பேர், ஐந்து பேர் வந்திருக்கும் அணிகளைத்தான் தேடிப் பார்ப்பேன். இது தெரிந்தவர்கள் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் காலை நடையின்போது பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். எழுதிக் கொடுங்கள், மொத்தமாகப் பதில் சொல்கிறேன் என்றேன். கொடுத்துவிட்டார்கள்.

சார், எத்தனை பேர் இருந்தால் அது சின்ன நாடு? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஒத்தக்கடை)

ஒரே கணக்கு கிடையாது பாப்பா. ஐரோப்பாவில் சின்ன நாடுகளுக்கென்றே 1985 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தனியாகப் போட்டி நடக்கிறது. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை என்பது அங்கே வைத்த கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சிக்குள்ளேயே பத்து லட்சத்துக்கு மேல் இருந்தோம். பசிபிக்கில் நவ்ரு என்ற தீவு நாடு இருக்கிறது, மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். மதுரை மாநகராட்சி 148. ஏழு நவ்ருவை நம் ஊருக்குள் வைத்துவிடலாம். அந்த நவ்ருவின் மார்கஸ் ஸ்டீபன் 1990 ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கினார். பின்னாளில் அந்த நாட்டுக்கு அதிபராகவும் ஆனார்.

தகுதியே இல்லாமல் சும்மா இடம் கொடுக்கிறார்களாமே, அது நியாயமா? (வங்கி ஊழியர், திருநகர்)

பாதி சரி ஐயா. ஒரு நாட்டில் யாருமே தகுதி பெறாவிட்டாலும் தடகளத்தில் ஒருவரை அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. நீச்சலிலும் இதுபோல உண்டு. எல்லா நாடும் வர வேண்டும் என்பதற்காக வைத்தது. இப்படி வருகிறவர்களுக்காக 100 மீட்டரில் முதல் சுற்றுக்கும் முன்னால் ஒரு முன்சுற்று ஓடவைக்கிறார்கள். 

ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினியாவின் எரிக் முசம்பானி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலுக்கு அப்படித்தான் வந்தார். நீச்சல் கற்றுச் சில மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் ஒரு ஹோட்டல் குளத்தில். 50 மீட்டர் நீளக் குளத்தையே சிட்னியில்தான் முதன்முதலாகப் பார்த்தார். கூட நீந்த வேண்டிய இரண்டு பேரும் தொடக்க ஒலிக்கு முன்பே குதித்து வெளியேற்றப்பட, அத்தனை பெரிய குளத்தில் தனியாக நீந்தினார். கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு அந்தக் கடைசி 25 மீட்டர் புரியும். கை தூக்க வரவில்லை, கால் கீழே போகிறது, நகர்கிறாரா நிற்கிறாரா என்று தெரியவில்லை. அரங்கமே எழுந்து கத்தியது. 1 நிமிடம் 52.72 விநாடியில் சுவரைத் தொட்டார். அந்தப் பந்தயத்தில் தங்கம் வாங்கியவரின் நேரம் 48.30 விநாடி. பிறகு அவர் தன் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்சியாளரானார். நியாயமா என்று கேட்டீர்களே, எனக்கு இதைவிட நியாயமான இடம் தெரியவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கரீபியன் தீவு நாடுகளான டொமினிக்காவும் செயின்ட் லூசியாவும் தங்கம் வாங்கியதும் இந்த மாதிரி இடத்தில்தானா? (அதே ஐயா)

இல்லவே இல்லை. இதை எல்லோரும் போட்டுக் குழப்புகிறார்கள். டொமினிக்காவின் தியா லஃபாண்ட் மும்முறைத் தாண்டலிலும், செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃப்ரெட் 60 மீட்டரிலும் அதே 2024 மார்ச்சில் உள்ளரங்க உலகச் சாம்பியன் ஆனவர்கள். யார் தயவிலும் வரவில்லை.

அந்த இரவை நான் மறக்க மாட்டேன். பாரிஸில் ஆகஸ்ட் 3, நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே மழை, ஓடுதளம் பளபளவென்று நனைந்து கிடந்தது. முதலில் லஃபாண்ட் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம் எடுத்தார். டொமினிக்காவில் சுமார் 70,000 பேர்தான். அணிக்கு வந்தவர்கள் 4 பேர். ஒலிம்பிக்கில் அந்த நாட்டின் முதல் பதக்கமே அதுதான். சரி, படுக்கலாம் என்று பார்த்தால் பெண்கள் 100 மீட்டர். ஆல்ஃப்ரெட் 10.72. இரண்டாவதாக வந்த அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சன் 10.87. கோட்டைத் தாண்டியதும் மார்பில் இருந்த பெயர்ச் சீட்டைக் கிழித்துத் தூக்கிக் காட்டினார் அந்தப் பெண். செயின்ட் லூசியாவுக்கும் அதுதான் முதல் பதக்கம். இரண்டு தீவுக்கும் நடுவில் மார்ட்டினிக் என்ற ஒரே ஒரு தீவு. திருமங்கலமும் மேலூரும் ஒரே இரவில் ஜெயித்த மாதிரி.

செயின்ட் லூசியாவில் 2009-ல் ஒரு மருத்துவமனை தீயில் எரிந்துபோனது. நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தது நாட்டின் பெரிய விளையாட்டு அரங்கத்தில். வருஷக்கணக்கில் அது ஆஸ்பத்திரியாகவே இருந்தது. ஷூ இல்லாமல், பள்ளிச் சீருடையில் ஓடியதாக ஆல்ஃப்ரெட் ஜெயித்த பிறகு சொன்னார். ஊருக்கு நல்ல மைதானம் வேண்டும் என்று அங்கேயே கேட்டார். எனக்கு நம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி நினைவுக்கு வந்தார். அப்பா அம்மா இல்லாமல் பாட்டி வளர்த்த பிள்ளை, வெறுங்காலில் ஓட ஆரம்பித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடரோட்டம் வரை போனார். என்ன, 14 வயதில் ஆல்ஃப்ரெட் பயிற்சிக்காக ஜமைக்காவுக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தது. சின்ன நாட்டில் பிறந்தால் வீட்டை விட்டுக் கிளம்புவது சீக்கிரமே வந்துவிடுகிறது.

எங்கள் கபடி மாதிரி ஒரே விளையாட்டை வைத்துப் பெரிய ஆளான நாடு உண்டா அண்ணே? (செல்லூர் தம்பி)

ஃபிஜி. உங்களுக்கு ஏழு பேர் கபடி, அவர்களுக்கு ஏழு பேர் ரக்பி. 2016 ரியோ இறுதியில் பிரிட்டனை 43-7 என்று அடித்து நொறுக்கினார்கள். நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவே தங்கம். அதைக் கொண்டாட 7 டாலர் நோட்டே அச்சடித்தார்கள். டோக்கியோவில் மறுபடி தங்கம், பாரிஸில் வெள்ளி. தெருவுக்குத் தெரு பிள்ளைகள் அதையே ஆடுவதால் வருவது இது. செல்லூரில் பிறந்த உனக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு ஆள் வரும் நாட்டுக்கு அணிவகுப்பு எதற்கு, நேரம்தானே வீண்? (பெயர் எழுதவில்லை)

பாரிஸுக்கு பெலிஸ், லிக்டன்ஸ்டைன், நவ்ரு, சோமாலியா நான்கும் ஒவ்வொரு வீரரை மட்டுமே அனுப்பின. இதில் லிக்டன்ஸ்டைன் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் மட்டும் 10 பதக்கம் வாங்கிய நாடு. ஆள் கணக்கை வைத்து எடை போடாதீர்கள்.

ஒரு பழைய விஷயம். மாவட்ட அளவில் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டி. கம்மாய்க்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 1500 மீட்டருக்கு ஒரு பையன் மட்டும் வந்திருந்தான். அணிவகுப்பில் அவன் பள்ளிக்குப் பெயர்ப் பலகை இல்லை. "ஒத்த ஆளுக்கு எதுக்கு, கடைசி டீமோட சேத்து விடுங்க" என்றார் நடத்தியவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, நனைத்த சாக்பீஸால் பள்ளியின் பெயரை எழுதிக் கையில் கொடுத்தேன். பத்தடி முன்னால் இடைவெளி, பத்தடி பின்னால் இடைவெளி, நடுவில் அவன். கை வீச்சு ஒருமுறைகூடத் தப்பவில்லை. பந்தயத்தில் ஏழாவதாக வந்தான். போகும்போது "சார், இந்த அட்டைய எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டான்.

என் மகள் நன்றாக ஓடுகிறாள். இங்கே போட்டி அதிகம். சின்ன நாடு ஒன்றுக்கு மாறிவிட்டால் சுலபமாக ஒலிம்பிக் போகலாமா? (ஒரு அம்மா, வாடிப்பட்டி)

அம்மா, அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை, அதனால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். இந்தியாவுக்காக ஆடிவிட்டு மாறினால் பொதுவாக மூன்று வருஷம் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவில் பிறந்த மைல்ஸ் அமின் சான் மரினோவுக்காக மல்யுத்தத்தில் டோக்கியோ வெண்கலம் வாங்கினார் என்பது உண்மை. ஆனால் அவர் குடும்பத்துக்கு அங்கே வேர் இருக்கிறது. பிள்ளைக்கு முதலில் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

தமிழர் யாராவது இப்படிச் சின்ன அணியில் சாதித்திருக்கிறார்களா? (கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

உண்டு. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆசியப் போட்டியில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம். சிங்கப்பூரின் குணாளன் 1966 ஆசியப் போட்டியில் 100 மீட்டர் வெள்ளி வாங்கினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் அவர் ஓடிய 10.38 விநாடி, 33 வருஷம் அந்த நாட்டின் சாதனையாக நின்றது.

ஐயா, நாடே இல்லாதவர்கள் ஓட முடியுமா? (ஆனையூர் முகாமிலிருந்து ஒரு பையன்)

முடியும் தம்பி. 2016 ரியோவில் 10 பேரோடு அகதிகள் அணி ஒன்று முதன்முதலாக இறங்கியது. பாரிஸில் 37 பேர். அதில் சிண்டி என்காம்பா என்ற பெண் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கினார், அந்த அணியின் முதல் பதக்கம். அகதி என்று சர்வதேச முறைப்படி அங்கீகாரம் இருக்க வேண்டும், அதற்குமேல் திறமையும் வேண்டும். காகித வேலை பெரியவர்கள் பார்க்க வேண்டியது, நான் விசாரிக்கிறேன். நீ என்ன தூரம் ஓடுகிறாய் என்று எழுதவில்லையே? ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ரேஸ் கோர்ஸ் வாசலுக்கு வா. ஷூ இல்லையென்றால் அளவை மட்டும் சொல்லி அனுப்பு.