சளி சரியாகிவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பவில்லை

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் சளி நெஞ்சுக்கு இறங்கி, மூச்சு வாங்கி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். 'பிராங்கியோலைட்டிஸ்' என்றார்கள். ஆக்சிஜன், நெபுலைசர் எல்லாம் வைத்தார்கள். இப்போது நன்றாக விளையாடுகிறான். ஆனால் இரவுத் தூக்கம் போய்விட்டது. முன்பெல்லாம் ஒன்பது மணிக்குத் தூளியில் போட்டால், இரண்டு மணி வாக்கில் ஒருமுறை தாய்ப்பால் குடித்துவிட்டு விடியும்வரை தூங்குவான். இப்போது மணிக்கு ஒருமுறை எழுந்து அழுகிறான். பால் கொடுத்தால், இல்லையென்றால் தூளியை ஆட்டினால்தான் அடங்குகிறான். பயந்திருக்கிறான், மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார். இருமல் மருந்து அரை ஸ்பூன் கொடு, அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கணவருக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. எந்நேரமும் மடியிலேயே வைத்திருந்து நான்தான் கெடுத்துவிட்டேனா, டாக்டர்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. மூச்சு வாங்கும் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்திருந்ததும், கேட்டபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்ததும் அவனுக்கு வைத்தியம்தான். மூக்கடைத்து மூச்சு வாங்கும்போது ஒரே மூச்சாகக் குடிக்க முடியாது. அடிக்கடி எழுப்பிக் கொடுத்தால்தான் உடம்பில் நீர் வற்றாமல் இருக்கும். அந்த ஐந்து நாள் நீங்கள் செய்ததை எந்த மருத்துவரும் குறை சொல்ல மாட்டார்.

அடுத்து அந்த இருமல் மருந்து. தயவுசெய்து கொடுக்காதீர்கள். அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மருந்துகளில் தூக்கத்தைத் தருவது பெரும்பாலும் குளோர்பெனிரமின் மாதிரியான அலர்ஜி மருந்து. அது சின்னக் குழந்தையின் மூச்சையே மந்தமாக்கக்கூடும். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று பாட்டில் மேலேயே அச்சிடச் சொல்லி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. புரோமெத்தசின் என்ற இன்னொரு மருந்தை 2 வயதுக்குள் கொடுக்கவே கூடாது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், கலப்படமான இருமல் மருந்து குடித்து சிறுநீரகம் செயலிழந்து எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம். நாக்கில் ஒரு சொட்டு தடவுவதுகூட வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் மகனுக்கு வருவோம்.

எல்லாக் குழந்தைகளும் ராத்திரியில் பலமுறை விழிக்கும். இந்த வயதில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கம் லேசாகும், புரண்டு படுக்கும், முனகும், அப்புறம் தானாகவே மறுபடி தூங்கிப்போகும். நோய்க்கு முன்னால் உங்கள் மகனும் இப்படித்தான் விழித்திருப்பான். உங்களை எழுப்பவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஆஸ்பத்திரி வந்தது. ராத்திரியிலும் எரியும் விளக்கு, நாலு மணிக்கொருமுறை காய்ச்சல் பார்க்க வந்த நர்ஸ், கையில் குத்தி ஒட்டியிருந்த ஊசி, முகத்தில் வைத்து அழுத்திய மாஸ்க். கண்ணை மூடினால் யாரோ வந்து ஏதோ செய்கிறார்கள் என்பதுதான் அவனுடைய அனுபவம். விழித்தபோதெல்லாம் அம்மா மடியும் பாலும் கிடைத்தன. அதனால் இப்போது தூக்கம் லேசாகும் ஒவ்வொரு முறையும் அதையே தேடுகிறான். போதாக்குறைக்கு, எட்டாம் மாதத்துக்கு மேல் அம்மா கண்ணில் படவில்லையென்றால் தேடி அழுகிற பருவமும் இது.

ஆகவே மாமியார் சொல்வதில் பாதி உண்மை. குழந்தை நிஜமாகவே பயந்திருக்கிறான். மந்திரித்து நெற்றியில் விபூதி வைப்பதால் அவருக்கு நிம்மதி என்றால் செய்யட்டும், வாயில் மட்டும் போட வேண்டாம். கழுத்தில் கயிறு கட்டக்கூடாது, தூக்கத்தில் மாட்டி இறுக்கிக்கொள்ளும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

அந்தப் புகையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிராங்கியோலைட்டிஸ் என்பது நுரையீரலில் மிகச் சின்ன மூச்சுக்குழல்கள் வீங்கி, சளியால் அடைத்துக்கொள்வது. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். காய்ச்சல் விட்டாலும் அந்தக் குழல்களின் உள்தோல் ஆற நாளாகும். இருமல் இரண்டு மூன்று வாரம் இருப்பது சகஜம். அந்த நேரத்தில் குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், வாசலில் நின்று பிடித்துவிட்டு வந்த சட்டையில் ஒட்டியிருக்கும் பீடி, சிகரெட் நெடி எல்லாம் ராத்திரி இருமலைக் கிளப்பிவிடும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய்க் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும். மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடுவதும் கூடாது. மூக்கடைத்திருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு பக்கமும் விடுங்கள், போதும்.

பழக்கத்தை மாற்றுவதற்கு முன், இது பழக்கம்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். என்னிடம் வரும் அம்மாக்களை நான் ஒரு நோட்டில் மூன்று ராத்திரி எழுதி வரச் சொல்வேன். எத்தனை மணிக்கு எழுந்தான், எப்படி அழுதான், என்ன செய்ததும் அடங்கினான், எவ்வளவு நேரமானது. அவ்வளவுதான். ஒரு தாத்தா பேத்திக்காக நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். '11.20, வீறிட்டாள், தோளில் போட்டதும் நின்றது, கிடத்தியதும் மறுபடி. 12.05, அதே.' படித்ததுமே காதைத்தான் பார்த்தேன். செவிப்பறை சிவந்து வீங்கி, பின்னால் சீழ் கட்டியிருந்தது. சளி பிடித்த பிறகு நடுக்காதில் இப்படி ஆவது சின்னக் குழந்தைகளுக்கு அடிக்கடி நடக்கும். படுக்கும்போது காதில் அழுத்தம் கூடுவதால் கிடத்தினால் அழுவார்கள், தூக்கினால் நிறுத்துவார்கள். பகலில் சிரித்து விளையாடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பாப்பாவுக்கு ஒரு வாரம் காதுக்கு வைத்தியம் பார்த்ததுமே தூக்கம் திரும்பிவிட்டது.

உங்கள் நோட்டிலும் அப்படி இருந்தால் காதைக் காட்டுங்கள். விடியற்காலையில் இருமி இருமி எழுகிறான், மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் நெஞ்சைப் பார்க்க வேண்டும். இப்போதும் நெபுலைசரோ ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் மருந்து குழந்தையைப் படபடவென்று வைத்திருக்கும். ஸ்டீராய்டை சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் கெடும், காலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கக் காலை உதைத்துக்கொண்டு புரள்கிறான், முகம் வெளுத்திருக்கிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவா என்று ரத்தம் பார்ப்பது நல்லது. எதுவும் இல்லாமல் மணி அடித்த மாதிரி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, நாலு வாய் பால் சப்பிவிட்டு இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போகிறான் என்று நோட்டு சொன்னால், அது பழக்கம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு இதுதான் என்று தோன்றுகிறது. இருந்தாலும் காதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவற்றில் எது இருந்தாலும் நோட்டை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்: தூங்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணினால் மூச்சு 50 அல்லது அதற்கு மேல், மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காதது, சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது. விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

இரவுத் தூக்கத்தைச் சரிசெய்யும் வேலையைப் பகலில் தொடங்க வேண்டும். நோயில் இளைத்த குழந்தைக்கு ராத்திரிப் பசி உண்மையான பசியாகவும் இருக்கலாம். அதனால் முதலில் எடை பாருங்கள். பகலில் தாய்ப்பாலோடு மூன்று நான்கு வேளை கெட்டியான சாப்பாடு கொடுங்கள். குழையவிட்ட பருப்பு சாதத்தில் நெய், ராகிக் கூழ், மசித்த இட்லி, முட்டை, முருங்கைக் கீரை. கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடியிலோ கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தை, வாரம் இருமுறை 1 மில்லி, விடாமல் கொடுங்கள். காய்ச்சலின்போது நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பிப்பது பற்றி அவரிடமே கேளுங்கள்.

இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. நோயிலிருந்து எழுந்த குழந்தை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூங்கி ஏழு மணிக்கு எழுந்தால், அந்தத் தூக்கம் ராத்திரிக் கணக்கில் கழிந்துவிடும். பகலில் இரண்டு தூக்கம் போதும், கடைசித் தூக்கம் நாலரைக்குள் முடியட்டும். ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இன்னொன்று, நெபுலைசர் வைக்கும்போது அழாமல் இருக்க செல்போனில் பாட்டு போட்டுக் காட்டியிருப்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான். அந்தப் போனை இப்போது வாங்கி வைத்துவிடுங்கள்.

தூளிக்கு வருவோம். தூளி கெட்டது என்று சொல்ல மாட்டேன், நானும் தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் பத்து மாதக் குழந்தை எழுந்து உட்காரும், விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும். அப்படிக் கவிழ்ந்து தலையில் அடிபட்டு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தூளியில் முகத்தின் மேல் சேலை மூடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இதுதான் பாய்க்கு மாற்றச் சரியான சமயம்.

கணவருக்குப் பகல் ஷிஃப்ட் வரும் வாரத்தில் தொடங்குங்கள். அவர் துணை வேண்டும். எட்டரைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைத்து, விளக்கைக் குறைத்து, பால் கொடுங்கள். பால் குடித்துக்கொண்டே தூங்கவிடாமல், முடிந்ததும் ஏப்பம் விட வைத்துத் தோளில் போட்டுத் தாலாட்டுங்கள். தினமும் அதே பாட்டு. முதல் மூன்று ராத்திரி தூளியில் ஆட்டலாம், ஆனால் கண் செருகியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அசையாத தூளியில் கை வைத்தபடி உட்காருங்கள். நாலாம் நாளிலிருந்து தரையில் பாய் விரித்து, தலையணையும் கனத்த போர்வையும் இல்லாமல், மல்லாக்கக் கிடத்தித் தட்டிக் கொடுங்கள்.

நடுராத்திரி முனகல் கேட்டதும் தூக்கிவிடாதீர்கள். இதுதான் கடினம், ஆனால் பலன் இதில்தான் இருக்கிறது. கண் மூடியபடி முனகுகிறான் என்றால் அவன் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறான். நாம் தூக்குவதால்தான் முழுசாக விழிக்கிறான். ஒன்றிரண்டு நிமிடம் படுத்தபடியே கேளுங்கள். அழுகையாக மாறினால் நெஞ்சில் கை வைத்து 'ஸ்ஸ்' என்று தட்டுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் தூக்குங்கள், அணையுங்கள், அடங்கியதும் தூங்குவதற்கு முன்னால் கிடத்திவிடுங்கள். தனியே கத்தவிட வேண்டியதே இல்லை. ஒரே கூடத்தில் எல்லோரும் படுக்கும் நம் வீடுகளுக்கு அது ஒத்தும் வராது, பயந்திருக்கும் குழந்தைக்கு அது தேவையும் இல்லை.

ராத்திரிப் பாலை இரண்டு வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டுக்கு மேல் ஒன்று, நாலு மணிக்கு மேல் ஒன்று. மற்ற நேரங்களில் அப்பா போகட்டும். பால் வாசனை இல்லாத தோளில் குழந்தை வேறு மாதிரி அடங்குவான். எடை ஏறத் தொடங்கியதும் ஒருவேளையை, தினமும் ஒரு நிமிடம் குறைத்துக் குறைத்து, விட்டுவிடலாம். மூன்றாம் நாலாம் ராத்திரி அழுகை கூடும். அதைப் பார்த்துவிட்டு, பாவம் என்று மாமியார் தூளியை எடுத்துக் கட்டுவார். முதல் நாளே அவரிடம் சொல்லி வையுங்கள், அவர் தாலாட்டையே பாட்டாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுவான். நடுவில் மறுபடி சளி பிடித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சரியானதும் திரும்ப ஆரம்பிக்கலாம்.

நீங்கள் மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்பதையும் நான் கவனிக்கிறேன், அம்மா. நாற்காலியில் சாய்ந்து பால் கொடுத்தபடி கண் அசந்துவிடாதீர்கள், குழந்தை நழுவி மூச்சு முட்டும். பகலில் அவன் தூங்கும்போது பாத்திரத்தைப் போட்டுவிட்டு நீங்களும் படுங்கள். காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைப் பார்த்தால் எரிச்சலோ வெறுமையோ வருகிறது, தூங்கக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் மறைக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

பதினைந்து நாள் கழித்து குழந்தைகள் மருத்துவரிடம் எடை பார்க்கப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.