கேள்வி–பதில்: ஐந்தாவது தோழி

கேள்வி: உயர்தரம் வரை ஒரே பாடசாலையில் படித்த தோழியர் நாங்கள் ஐந்து பேர். இப்போது நான் பேராதனையிலும், ஒருத்தி யாழ்ப்பாணத்திலும், ஒருத்தி ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்தில் இருக்கிறோம். ஒருத்தி கனடாவுக்குப் போய்விட்டாள். மற்றவள் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை எட்டாததால் ஊரிலேயே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். எனக்கு விடுதியில் எவருடனும் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்கு வந்துவிடுகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதினால் மறுநாள்தான் பதில் வருகிறது. என்னை மறந்துவிட்டார்களா? புதியவர்களுடன் பழகினால் பழைய நட்புக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது. இது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அவர்கள் உங்களை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் ஒலுவிலிலும் இருப்பவர்கள், நீங்கள் செய்யத் தயங்குகிற காரியத்தை, அதாவது பக்கத்து அறையில் இருப்பவர்களோடு பழகுவதை, செய்துகொண்டிருக்கிறார்கள். கனடாவில் இருப்பவளுக்கோ நீங்கள் பகலில் எழுதினால் அது உறங்குகிற நேரம். பதில் தாமதமாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

துரோகம் என்பது பெரிய சொல். அதை இவ்வளவு சிறிய காரியத்துக்குச் செலவழித்துவிட்டால், உண்மையாகவே ஒருவர் துரோகம் செய்யும் நாளில் சொல்வதற்கு உங்களிடம் எதுவும் மிஞ்சாது. ஒரே சீருடையில் ஆண்டுக்கணக்காக ஒன்றாகப் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் நடந்து, பரீட்சை முடிந்த பின் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த நீண்ட காலத்தையும் ஒன்றாகவே கழித்து வளர்ந்த நட்பை, சில வாரங்களுக்கு முன் அறிமுகமான ஓர் அறைத் தோழியின் பேச்சோடு ஒப்பிட்டு, இவள் அவளைப் போல இல்லையே என்று நீங்கள் தீர்ப்பெழுதுகிறீர்கள். அவளுக்கு நீங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல் என்ற ஆய்வாளர், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் முதலாம் வருட மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலமும், நண்பராவதற்கு 90 மணித்தியாலமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணித்தியாலத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. நட்பை மணிக்கூட்டால் அளப்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று உங்களுக்கு நேராகப் பொருந்துகிறது: கடமையின் பேரில் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் நெருக்கத்தை அவ்வளவாக வளர்ப்பதில்லை; சும்மா இருந்து கதைக்கிற, சேர்ந்து சாப்பிடுகிற, காரணமில்லாமல் சுற்றுகிற நேரமே வளர்க்கிறது. கம்பஸில் அந்த நேரம் எப்போது வருகிறது? வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை. அந்த நேரம் முழுவதையும் நீங்கள் மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை வழியாக வரும் பேருந்திலும் வீட்டிலும் கழித்துவிட்டு, திங்கட்கிழமை விரிவுரை மண்டபத்தில் போய் அமர்ந்து, எவருடனும் ஒட்டவில்லை என்று எழுதுகிறீர்கள். மாதத்தில் ஒரு முறை ஊருக்கு வந்தால் போதும். அம்மா முதலில் கோபிப்பார், பிறகு பழகிவிடுவார்.

ஒன்றை மட்டும் தனியாகக் கேட்கிறேன். விடுதியிலிருந்து ஓடி வருவதற்குக் காரணம் சீனியர்கள் செய்யும் பகிடிவதை (ராகிங்) என்றால், மேலே சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது தண்டனைக்குரிய குற்றம். வீட்டாரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் இன்றே சொல்லுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடத்துக்கு வருகிறேன். நான்கு தோழியரைப் பற்றி எழுதினீர்கள். ஊரிலேயே இருப்பவளுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டுக் கடந்துவிட்டீர்கள். வாரந்தோறும் ஊருக்கு வருகிற நீங்கள் அவளைப் பார்த்ததாக ஒரு சொல்லும் இல்லை. நான்கு தசம தானங்களுக்குக் கணக்கிடப்படும் ஓர் எண், அந்த வெட்டுப்புள்ளி, அவளை உங்களிடமிருந்து பிரித்திருக்கிறது. நீங்கள் மூவரும் விடுதிச் சாப்பாட்டையும் சீனியர்களையும் பற்றிக் குழுவில் எழுதும் போதெல்லாம், தனக்குக் கிடைக்காத ஒன்றைப் பற்றிய உங்கள் முறைப்பாட்டை அவள் கடையில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமிருந்து பதில் தாமதமாக வருவதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? பழைய நட்பை இழந்துவிட்டதாக வருந்துகிறீர்கள். இழக்கும் நிலையில் இருப்பது இவள் ஒருத்தியைத்தான். அதுவும் தூரத்தால் அல்ல.

எனவே அடுத்த முறை வரும்போது குழுவில் அறிவிக்காமல் அவள் கடை பூட்டும் நேரத்துக்குப் போய், டச் பே கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கம்பஸ் கதையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். திரும்பவும் சோதனை எடுக்கிறாயா என்றும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியை ஊரில் எல்லோரும் அவளிடம் கேட்டிருப்பார்கள். கடையில் கணக்கு எழுதுவது எப்படி இருக்கிறது, முதலாளி எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்.