நாலரை மணிக்குக் கத்தும் பூனை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஆடு மாடு, பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். இது எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றியது.

பெயர் சிட்டு. பெட்டை, இரண்டு வயது. கல்லிடைக்குறிச்சியில் என் மாமனார் வீட்டு நெல் அறையில் பிறந்தது. அங்கே ஒரு தடவை குட்டியும் போட்டது. மாமனார் காலமான பிறகு, சித்திரையில், பாளையங்கோட்டைக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். மாடி வீடு. சிட்டுவையும் கூட்டிக்கொண்டுதான் வந்தோம். ஊரில் இருந்தவரை அது இருக்கிற இடமே தெரியாது. இங்கே வந்ததிலிருந்து ஓயாமல் கத்துகிறது. விடிய நாலரைக்கு எங்கள் அறைக் கதவுக்கு வெளியே தொடங்கும். அத்தை அந்நேரம் வாசல் தெளிக்க எழுந்திருப்பார்கள், அவர்கள்தான் எதையாவது கொடுத்து அடக்குவார்கள். தட்டில் பால்சோறு அப்படியே இருக்கும், பக்கத்தில் நின்று கத்தும். (நாங்கள் சைவம்.) நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து படியேறும்போதே கத்தும். நடுநடுவே சில நாட்கள், ராத்திரி பூராவும் தரையில் உருண்டு, பிள்ளை அழுகிற மாதிரி ஒரு குரல். கீழ் வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று அத்தை பயப்படுகிறார்கள். சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அதற்கு ஏதாவது நோயா? என்னதான் கேட்கிறது?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்தச் சாக்கை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நம் பக்கத்தில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே முன்னமே இருக்கிற பூனைகள் புதிதாக வருவதை விரட்டும். நாய் உண்டு, லாரி உண்டு. எங்கே ஒளிவது, எப்போது ஓடுவது என்று அந்த இடத்தில் பழகாத பூனை சில நாள் தாங்குவதே பெரிய விஷயம். தாங்கினாலும் சினையாகி, ஒன்பது வாரத்தில் அந்தச் சகதியில் குட்டி போடும். இந்தப் பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, தூக்கம் கெட்ட மனிதர் என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

இனி சிட்டுவுக்கு வருவோம். எங்கள் தெருவுக்குச் சாளை மீன் கொண்டுவருகிறவர் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திப் பலகையைப் போட்டு உட்கார்வார். செதில் உரசுகிற சத்தம் கேட்டதும் மதிலிலிருந்தும் சாக்கடை ஓரத்திலிருந்தும் பூனைகள் வந்து சேரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். அவை தங்களுக்குள் மியாவ் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. பெரிய கடுவன் வந்தால் மற்றது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு தள்ளிப் போகும். பழகிய பூனை என்றால் வாலைச் செங்குத்தாகத் தூக்கி வந்து உரசும். சண்டை முற்றினால் சீறல், ஊளை. மியாவ் எல்லாம் மீன்காரரின் முகத்தைப் பார்த்துத்தான். அவர் குடலை வழித்து ஓரமாகப் போடக் கையை நீட்டும்போது கத்தல் உச்சத்துக்குப் போகும், விழுந்ததும் அடங்கிவிடும்.

பூனைக்குட்டி தாயைக் கூப்பிடுவதற்கு வைத்திருக்கிற குரல் அது. வளர்ந்த பிறகு பூனைகளுக்கிடையில் அது அநேகமாக நின்றுபோகிறது. மனிதரோடு வாழ்கிற பூனை மட்டும் கடைசிவரை விடாமல் வைத்துக்கொள்கிறது. நாம் அதன் வாலையும் காதையும் கவனிப்பதில்லை, சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்கிறோம். இது அதற்குத் தெரிந்துவிட்டது. சுமார் 10,000 வருஷத்துக்கு முன் மேற்காசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கியபோது, எலியைத் தேடி வந்து ஒட்டிக்கொண்ட காட்டுப்பூனையின் வம்சம்தான் நம் வீட்டுப் பூனை. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே, தனிக் குழியில் ஒரு பூனையையும் புதைத்திருக்கிறார்கள். நெல் அறையில் பிறந்த உங்கள் சிட்டு அதே வழியில் வந்ததுதான்.

ஆக, அது உங்களிடம்தான் பேசுகிறது. ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு அர்த்தம் கண்டுபிடிக்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ என்பவர் பசி, கோபம், கொஞ்சல், அடைபட்ட தவிப்பு என்று வெவ்வேறு சமயங்களில் பூனைகள் கத்தியதைப் பதிவுசெய்து ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார். 2003-இல் வெளியான ஆய்வு. குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ அதைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது. பூனையோடு பழகியவர்கள் சற்று மேல், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வது, காதை விட்டுவிட்டு எந்த இடத்தில் நிற்கிறது, மணி என்ன என்று பாருங்கள். நீங்கள் அதை நன்றாகவே பார்த்து எழுதியிருக்கிறீர்கள். விடை பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

நாலரை மணியை எடுத்துக்கொள்வோம். விடியும் நேரமும் அந்தி நேரமும் பூனை இரை தேடும் நேரம், அந்நேரம் அது விழித்துத்தான் இருக்கும். ஊரில் புறவாசல் வழியாகப் போய்விடும், உங்களுக்குத் தெரியாது. இங்கே கதவு சாத்தியிருக்கிறது. சரி, சும்மா விழித்திருக்கிற பூனை ஏன் கத்த வேண்டும்? கத்தியதும் அத்தை எதையாவது கொடுக்கிறார்கள். அவர்கள் அடக்குவதாக நினைத்துச் செய்கிறார்கள், சிட்டு அதைக் கூலி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுப்பது இன்னும் மோசம், பத்து நிமிஷம் கத்தினால் கிடைக்கும் என்று படித்துக்கொள்ளும். ராத்திரி நீங்கள் படுக்கப் போகும் முன் ஒரு கயிற்று நுனியில் துணியைக் கட்டி இழுத்து அதை நன்றாக ஓடவிடுங்கள். களைத்து உட்கார்ந்ததும் வயிறார வையுங்கள். ஓடிப் பிடித்துத் தின்றால் பூனை தன்னை நக்கிச் சுத்தம்செய்துகொண்டு தூங்கும், அதன் சுபாவம் அப்படி. காலையில் அத்தை வாசல் தெளித்து, கோலம் போட்டு, காப்பி குடித்து முடித்த பிறகுதான் அதற்குச் சோறு, அதுவும் அது வாயை மூடியிருக்கும்போது. முதல் சில நாள் கத்தல் கூடத்தான் செய்யும். அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் இரங்கினாலும் பட்ட பாடு வீண், எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கீழ் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் பால்சோறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய பிராணி. டாரின் என்ற சத்து அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் வேண்டும். அது மீன், இறைச்சி போன்றவற்றில் இருக்கிறது. சோற்றில் இல்லை, பாலில் இருப்பது போதாது. நம் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடம்பால் தேவையான அளவுக்குத் தயாரிக்க முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் இருதயத் தசை தளர்ந்துபோகிறது என்று 1987-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீனிகளில் அதைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். கல்லிடைக்குறிச்சியிலும் நீங்கள் பால்சோறுதானே வைத்தீர்கள், அங்கே நன்றாகத்தானே இருந்தது? இருந்தது, ஏனென்றால் நெல் அறை எலியும் முன்கூடத்து (தார்சா) பல்லியும் மிச்சத்தைக் கவனித்துக்கொண்டன. மாடி வீட்டில் எலிக்கு எங்கே போகும்? தட்டு நிறைந்திருக்க, பக்கத்தில் நின்று கத்துவதற்கு என் கணிப்பு இதுதான். பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. வயிறு இளகிப் போனால் அது காரணமாக இருக்கலாம்.

உங்கள் வீட்டு வழக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அடுக்களைக்குள் மீன் வர வேண்டாம். பாக்கெட்டில் வருகிற பூனைத் தீனியில், முழு உணவு என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கி, மச்சிப் படியில் தனித் தட்டில் வையுங்கள், பக்கத்தில் தண்ணீர். நாய்த் தீனி ஆகாது. அத்தைக்கு மனசு கேட்காவிட்டால் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: சிட்டு இத்தனை நாளும் எலியைத் தின்றுதான் உங்கள் நெல்லைக் காத்தது.

ராத்திரி பூராவும் உருண்டு அழுகிறதே, அதற்கு வேறு காரணம். கருத்தடை ஆபரேஷன் ஆகாத பெட்டை என்பதால் பருவத்துக்கு வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் முதுகில், வாலடிப் பக்கமாகத் தடவுங்கள். முன்னங்காலை மடக்கி நெஞ்சைத் தரையில் அழுத்தும், பின்பக்கத்தைத் தூக்கும், வாலை ஒரு பக்கமாக ஒதுக்கும், பின்னங்கால் இரண்டும் நின்ற இடத்திலேயே மாறிமாறி மிதிக்கும். முகத்தை உங்கள் காலில், கதவில், கட்டில் காலில் தேய்த்துக்கொண்டே இருக்கும். வலியில் துடிக்கிறது என்று பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். வலி இல்லை, கடுவனைக் கூப்பிடுகிறது. ஊரில் கதவு திறந்திருந்தது, கூப்பிட்டதும் கடுவன் வந்தது, காரியம் முடிந்தது, நீங்கள் கேட்கவே இல்லை. இங்கே ஒரு வாரம் போலக் கத்தி ஓயும். சேராமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரும். குளிர்தேசங்களில் பகல் குறுகிப்போகிற மாதங்களில் இது நின்றுவிடும். திருநெல்வேலியில் பகலின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை, ஆகவே வருஷம் முழுக்க நடக்கலாம்.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அந்த அழுகையில் யாருக்கும் கெடுதல் இல்லை. பிள்ளை அழுகிற மாதிரி இருக்கிறது என்பது சரிதான். பூனைக் குரல் பலவற்றில் அந்தச் சாயல் உண்டு. பசி எடுத்ததும் தலைமாட்டில் வந்து தொண்டைக்குள் குர்குர் என்று கெஞ்சுமே, அந்த ஒலிக்குள்ளும் குழந்தை அழுகையைப் போன்ற உயர்ந்த சுருதி ஒன்று ஒளிந்திருப்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009-இல் பதிவுசெய்து காட்டினார்கள். பிள்ளைகளை வளர்த்த பெண்மணிக்கு அந்தச் சத்தம் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அதைச் சகுனம் என்று நினைத்துக்கொள்வது புரிகிறது. ஆனால் அதற்காக ஒரு உயிரைத் தெருவில் விடக் கூடாது.

இதற்கு வழி கருத்தடை ஆபரேஷன்தான். சங்கரன்கோவில் சாலையில் இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் தொடங்கியது. அங்கே கொண்டுபோய்க் கேளுங்கள். பருவத்தில் இருக்கும்போது செய்வதா, ஓய்ந்த பிறகா என்பதை டாக்டர் சொல்வார். எப்போதிலிருந்து பட்டினி போட வேண்டும் என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பருவத்தை நிறுத்த மாத்திரையோ ஊசியோ போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கவும் மடியில் கட்டி வரவும் வழிசெய்யும்.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிட்டு, ஓடியாடி, உரசிக்கொண்டு திரிகிற பூனைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குப் போகும்போது டாக்டர் ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடட்டும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு விஷயம். கடுவன் பூனை மூத்திரம் போக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, ஒன்றும் வராமல் கத்தினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பத்து வயது தாண்டிய பூனை, நிறையத் தின்றும் மெலிந்துகொண்டே போய், ராத்திரியில் கத்தத் தொடங்கினால் தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காது மந்தமாகிப்போன கிழப் பூனையும் உரக்கக் கத்தும். இன்னொன்று, எந்தப் பூனைக்கும் வீட்டிலிருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடக் கொன்றுவிடும்.

நீங்கள் படியேறும்போது கத்துவதை மாற்ற வேண்டியதில்லை. பூனைக்குத் தன்னை வளர்ப்பவரின் குரலை மற்றவர் குரலிலிருந்து பிரித்தறியத் தெரியும். தன் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறியும் என்பதையும் ஜப்பானில் அட்சுகோ சாய்டோ 2019-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார். நாள் பூராவும் காத்துக்கிடந்து கூப்பிடுகிறது. பையை வைத்துவிட்டுப் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இராமையன்பட்டிக்குப் போகிற அன்றைக்குச் சாக்கில் கொண்டுபோகாதீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் திறந்து வையுங்கள், உள்ளே நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய சேலைத் துண்டு. தானே போய்ப் படுத்துப் பழகட்டும். வழியில் எப்படியும் கத்தும். கூடை மேல் துணியைப் போட்டு, காற்றுக்கு ஒரு பக்கம் விட்டு மூடிக்கொண்டால் குறையும். திரும்பி வந்ததும் தையல் ஆறுகிறவரை ஒரே அறையில் வைத்திருங்கள், மச்சிக்கு விட வேண்டாம், தையலை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி