நான்கு நொடிக்கு ஒரு கடல் மைல்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய விமானக் கடிகாரங்கள் 55 மில்லிமீட்டர் அகலம் என்று படித்தேன். கையில் கட்டுவது ஏன் இத்தனை பெரிது? 12 மணி இடத்தில் உள்ள முக்கோணமும் இரு புள்ளிகளும் அலங்காரம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவை முதன்மையாக விமானிக்கானவை அல்ல, விமானத்தில் வழி கணிப்பவருக்கானவை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் 4 நொடிச் சுழற்சி என்பது ஒரு கடல் மைல். செக்ஸ்டன்ட் என்ற கோணமானியில் நட்சத்திரத்தின் உயரத்தை எத்தனை துல்லியமாக அளந்தாலும், கடிகாரம் 30 நொடி பிசகினால் ஏழரை மைல் தள்ளிப் போவீர்கள்.

அன்று பல கைக்கடிகாரங்களில் நொடி முள்ளை நிறுத்தித் திருத்த வழியில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி வீம்ஸ் 1920களின் இறுதியில் இதைச் சமாளித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முள்ளைத் தொடவில்லை, அடியிலிருந்த நொடித்தட்டைச் சுழலவிட்டார். வானொலியில் நிமிடக் குறி ஒலிக்கும்போது முள் 8இல் நின்றால், தட்டின் 60ஐ அந்த முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முள் 28இல் நின்றால்? கடிகாரம் 28 நொடி முந்துகிறதா, 32 நொடி பிந்துகிறதா? நிமிட முள்ளும் சரியாக வைக்கப்படாமலிருந்தால் ஊகிக்க வேண்டியதுதான். தவறினால் ஒரு நிமிடம், அதாவது 15 மைல். பிழை சிறிதாக இருக்கும்போதே திருத்திவிட வேண்டும். வீம்ஸின் கடிகாரத்தை சுவிஸ் நிறுவனமான லாஞ்ஜின் தயாரித்தது. 1931இல், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த விமானி லிண்ட்பர்க்கின் யோசனைப்படி, நேரத்தைப் பாகையாகவே படிக்கும் கடிகாரத்தையும் செய்தது.

ஜெர்மானியக் கடிகாரத்தில் பக்கவாட்டிலுள்ள சாவித் திருகை இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். குறி ஒலித்ததும் உள்ளே தள்ளலாம். கையுறையோடு பிடிக்கத்தான் அந்தப் பெரிய திருகு, தடித்த உடுப்பின் மேல் கட்டத்தான் நீண்ட தோல்வார். 1941இல் வந்த ‘பி’ வகை முகப்பில் வெளிவட்டம் முழுக்க நிமிடங்கள், மணிகள் உள்ளே சிறு வட்டத்தில். மணியை யாரும் மறப்பதில்லை, தேவை நிமிடமும் நொடியும்தான். இதையெல்லாம் மங்கிய வெளிச்சத்தில் சட்டென்று படிக்க வேண்டுமே, அதனால் முகப்பும் பெரிது.

முக்கோணம் அலங்காரமல்ல. இருட்டில் கடிகாரம் எப்படித் திரும்பியிருந்தாலும் மேல்பக்கம் எது என்று அதுவே காட்டும்.

இன்றைய நகலை வாங்குவதானால் முதலில் திருகை இழுத்துப் பாருங்கள். நொடி முள் நிற்கவில்லையென்றால், முக்கோணம் மட்டும்தான் அசலிலிருந்து வந்தது.