உயரத்துக்கு வாங்கி இடுப்பைப் பிடியுங்கள்: ஒல்லியான குழந்தைகளின் உடை பற்றிக் கேள்வி பதில்

குழந்தைகளின் உடைகளைத் தைப்பதும் பிரித்துத் திருத்துவதும் என் நெடுநாளைய வேலை. என் பிள்ளைகள் இருவருமே ஒடிசலான உடல்வாகு. ஓடி வரும்போது ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். அந்தக் கையை விடுவிக்க வேண்டும் என்றுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. நான்கு வயதுக்கான கால்சட்டை இடுப்பில் நிற்பதில்லை. மூன்று வயதுக்கானது இடுப்பில் நிற்கிறது, ஆனால் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடுகிறது. எதை வாங்குவது, அக்கா?

உயரத்துக்கு வாங்குங்கள். அகலமான இடுப்பைப் பிடித்துத் தைத்துவிடலாம். குறைந்துபோன நீளத்துக்குத் துணியை எங்கிருந்து கொண்டுவருவது?

அளவுச்சீட்டில் இருக்கும் வயதை நம்ப வேண்டாம். அது சராசரி உடம்பை மனத்தில் வைத்துப் போட்ட எண். ஐரோப்பிய அளவு முறையில் வயதுக்குப் பதிலாகக் குழந்தையின் உயரத்தையே சென்டிமீட்டரில் போடுகிறார்கள்: 98, 104, 110, 116 என்று ஆறு ஆறாக ஏறும். உங்கள் மகன் 101 செ.மீ. உயரம் என்றால் 104 எடுக்கலாம். பல உடைகளில் இந்த எண்ணும் வயதோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும், தேடிப் பாருங்கள். "ஸ்லிம்" என்று குறித்திருந்தால் அதே நீளத்தில் இடுப்பு மட்டும் குறுகலாக வெட்டியிருப்பார்கள். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வயதில் குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 7 செ.மீ. வளரும், இடுப்போ அந்த வேகத்தில் பெருக்காது. அதனால் போன ஆண்டுக் கால்சட்டை பல வேளைகளில் இந்த ஆண்டும் இடுப்பில் சரியாகவே இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் முழங்காலுக்கு மேல் வெட்டி மடித்துத் தைத்தால் நல்ல அரைக்கால்சட்டை கிடைக்கும்.

கேள்வி: சரியாக அளவெடுப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது.

வரத்தான் செய்யும். சிறு குழந்தைக்கு இடை என்று தனியாக ஒன்று இல்லை. சாப்பிட்ட பின் வயிறு முன்னால் தள்ளும், அளவெடுக்கிறோம் என்று தெரிந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு, கதை கேட்டுக்கொண்டு நிற்கும்போது, தொப்புள் மட்டத்தில் இன்ச் டேப்பைச் சுற்றுங்கள். டேப்புக்குள் உங்கள் ஒரு விரல் நுழைய வேண்டும். உட்காரவைத்தும் ஒருமுறை எடுங்கள். இரண்டில் பெரிய எண்தான் இடுப்பளவு.

காலின் உட்பக்க நீளத்தைக் குழந்தையின் மேல் எடுக்க முயன்று சண்டை போட வேண்டாம். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு கால்சட்டையைத் தரையில் விரித்து, தொடைகள் சேரும் தையலிலிருந்து கால் விளிம்பு வரை அளந்தால் போதும். சட்டைக்கும் இப்படியே, பொருந்தும் சட்டை ஒன்றில் ஒரு தோள்பட்டைத் தையலிலிருந்து மறு தோள்பட்டைத் தையல் வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடுப்புப் பட்டிக்குள் காஜா எலாஸ்டிக்கும் (வரிசையாகப் பொத்தான் துளைகள் உள்ள எலாஸ்டிக்) பொத்தானும் வைத்த கால்சட்டை வாங்கினோம். இழுத்து மாட்டினால் பின்னால் மூட்டைபோலச் சுருங்குகிறது. இல்லாத கால்சட்டைகளுக்கு நாமே வைக்க முடியுமா?

ஒல்லியான குழந்தைகளுக்காக யாரோ மனம் வைத்துச் செய்த ஏற்பாடு என்றே அந்த எலாஸ்டிக்கைச் சொல்வேன். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. என் அனுபவத்தில் ஐந்து, ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இழுத்தால் துணி குவியத்தான் செய்யும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் காஜாக்களை இழுத்து மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பின் தையல் இடுப்பின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும். மிஞ்சும் நுனியை வெட்டாமல் பட்டிக்குள்ளேயே திருப்பிச் செருகுங்கள், பிறகு தளர்த்த அது வேண்டும்.

நாமே வைப்பது கடினமில்லை. கால்சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். பட்டியின் உள்துணியில், இரு பக்கத் தையல்களுக்கு அருகே மட்டும், எலாஸ்டிக் நுழையும் அளவுக்கு நெடுக்காகச் சிறிய வெட்டு வெட்டி, விளிம்பு பிரியாமல் சுற்றித் தைத்துவிடுங்கள். 3 செ.மீ. பட்டிக்கு 2.5 செ.மீ. அகல எலாஸ்டிக் சரியாக இருக்கும். அதன் நுனியில் ஊக்கைக் குத்தி ஒரு வெட்டில் நுழைத்துப் பின்புறமாகவே தள்ளிக்கொண்டு போய் மறு வெட்டில் வெளியே எடுங்கள். உள்ளே போன நுனி காணாமல் போகாமலிருக்க மறு நுனியில் இன்னொரு ஊக்கைக் குத்திவைப்பது நல்லது. குழந்தைக்குப் போட்டுப் பார்த்து, வேண்டிய அளவு இழுத்து, இரு நுனிகளையும் பட்டியோடு அழுத்தித் தையுங்கள். முன்பக்கம் தட்டையாகவே இருக்கும், சுருக்கமெல்லாம் பின்பக்கத்தோடு நின்றுவிடும். நிரந்தரமாகத் தைக்காமல் பொத்தான் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. காஜா எலாஸ்டிக் மீட்டர் கணக்கிலேயே கிடைக்கிறது.

குறைக்க வேண்டியது இதைவிட அதிகம் என்றால் பின் நடுத்தையலைப் பிரித்து உள்ளே பிடிக்க வேண்டும். அதிலும் மூன்று, நான்கு சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே போனால் பின்பைகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டும், உட்காரும் இடமும் இறுகும்.

கேள்வி: எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா கோக்கலாமா?

இடுப்பில் கோக்கலாம், கவனமாக. வெளியே தொங்கும் நுனி குட்டையாக இருக்க வேண்டும். பின் நடுவில் நாடாவைத் துணியோடு சேர்த்து ஒரு தையல் போட்டுவிட்டால் ஒரு பக்கமாக உருவிக்கொண்டு நீளாது. நுனியில் மணி, பெரிய முடிச்சு எதுவும் வேண்டாம், அதுதான் இடுக்கில் சிக்கிக்கொள்வது.

கழுத்திலும் தலைமூடியிலும் மட்டும் நாடா வைக்கவே வைக்காதீர்கள். சறுக்கு மரத்தின் இடைவெளியிலோ வண்டிக் கதவிலோ சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1996-இலேயே இது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதியும் சிறு குழந்தைகளின் கழுத்து, தலைமூடிப் பகுதியில் நாடாவை அனுமதிப்பதில்லை. யாரோ கொடுத்த பழைய சட்டையில் அப்படி இருந்தால் உருவி எறிந்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் சட்டை எல்லாம் தோளில் வழிகிறது. கையில்லாத கவுனில் அக்குள் பக்கம் திறந்து கிடக்கிறது.

தோள்பட்டைதான் திருத்துவதற்கு மிகக் கடினமான இடம். கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், சிறிய உடுப்பில் அது பெரிய வேலை. அதனால் சட்டை எடுக்கும்போது முதலில் தோள், அடுத்து கை நீளம், கடைசியில்தான் மார்பு. தோள் சரியாக இருந்து பக்கங்கள் மட்டும் தளர்ந்தால் அக்குளிலிருந்து கீழ்நோக்கிப் பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் பிடித்துத் தைத்தால் போதும். ராக்லன் கை, அதாவது கழுத்திலிருந்தே சாய்வாக இறங்கும் கை வைத்த சட்டையில் தோள் தையலே இல்லாததால் வழிவது தெரியாது. மணிக்கட்டில் ரிப் பட்டி, அதாவது இழுபட்டுச் சுருங்கும் வரிப் பின்னல் பட்டி, இருந்தால் சற்று நீளமான கையும் அங்கேயே நின்றுகொள்ளும்.

கையில்லாத கவுனுக்கு எளிய வழி உண்டு. தோள் தையலிலேயே ஒரு சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். கழுத்தும் கைக்குழியும் சேர்ந்தே மேலேறும். அதற்குப் பிறகும் தளர்ந்தால்தான் பக்கத் தையலைத் தொட வேண்டும். புதிதாக வாங்குவதானால் மார்பில் எலாஸ்டிக் நூலால் வரிவரியாகச் சுருக்கித் தைத்த கவுனையோ பின்னால் கட்டிக்கொள்ளும் பட்டி வைத்த கவுனையோ பாருங்கள். பாவாடை நிற்கவில்லை என்றால் மேலே பாடி, அதாவது தோளில் மாட்டும் கையில்லாத மேல்பகுதி, வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். எடையைத் தோள் தாங்கிக்கொள்ளும், இடுப்பை இறுக்க வேண்டியதில்லை.

கேள்வி: பெல்ட் போட்டால் இத்தனை பாடு வேண்டாமே?

மூன்று, நான்கு வயதுக் குழந்தை அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடும்போது பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் நின்று நனைத்துவிட்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். தானாகக் கழற்ற முடியாத எதையும் அந்த வயதில் போடாதீர்கள். ஆறு, ஏழு வயதில் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: டயப்பர் பழக்கத்தை நிறுத்தியதும் எல்லாக் கால்சட்டையும் இறங்குகிறது. மெலிந்துவிட்டாளா?

இல்லை. டயப்பரின் பருமன் போய்விட்டது, அவ்வளவே. இடுப்பை மேலே சொன்னபடி பிடித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. இரண்டு வயதில் கொழுகொழுவென்று இருந்தாள், இப்போது விலா எலும்பு தெரிகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். உடையிலாவது சற்றுப் பூசினாற்போலக் காட்ட முடியுமா, அக்கா?

தங்கையே, முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். உயரத்தோடு ஒப்பிட்ட எடை ஒரு வயதுக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் மிகக் குறைவாக இருக்கும். பிறகு மறுபடி ஏறும். உங்கள் மகள் அந்த இடத்தில்தான் நிற்கிறாள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், வயதுக்கேற்ற எடை, உயரக் கோடுகள் போட்ட வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். தன் கோட்டிலேயே சீராக மேலே போனால் ஒல்லி என்பது அவள் உடல்வாகு. கோடு விட்டுக் கோடு கீழே இறங்கினாலோ, சரியாக இருந்த உடை சில வாரங்களில் தளர்ந்தாலோ, சோர்வும் பசியின்மையும் இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பூசினாற்போலக் காட்டுவதற்காகப் பெரிய உடை போட்டால் நேர்மாறாகத்தான் ஆகும். தொளதொளத்த துணிக்குள் கழுத்தும் மணிக்கட்டும் இன்னும் மெலிந்து தெரியும். அளவான உடையில்தான் குழந்தை நிறைவாகத் தெரிகிறாள்.

இன்னும் ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். துணி போட்டுப் பார்க்கும்போது "உனக்கு எதுவுமே பொருந்தாது, குச்சிபோல இருக்கிறாய்" என்று அவள் காதுபட யாரையும் சொல்ல விடாதீர்கள். "இந்தக் கால்சட்டையின் இடுப்பு அகலம், வேறு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

கேள்வி: லெக்கிங்ஸ் நல்லதா? காலையில் ஒட்டியிருக்கிறது, மாலைக்குள் முழங்காலில் பை விழுகிறது.

நல்லதுதான். துணியைப் பார்த்து எடுக்க வேண்டும். வெறும் பருத்திப் பின்னல் துணி இழுபடும், திரும்பச் சுருங்காது. இழுபட்டுச் சுருங்கும் இழையான எலாஸ்டேன் கொஞ்சம் கலந்திருந்தால் மீளும். கடையிலேயே விரல்களால் இழுத்து விட்டுப் பாருங்கள், பழைய வடிவுக்கு உடனே வர வேண்டும்.

கேள்வி: பள்ளிச் சீருடையில் வேறு வெட்டு எடுக்க வழியில்லை. பெரிதாகத்தான் கிடைக்கிறது.

முதலில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். பருத்தி சுருங்கிவிட்டால் நீங்கள் பிடித்த கணக்கு தப்பிவிடும். பிறகு பிடித்துத் தைக்கும்போது மிஞ்சும் துணியை வெட்டவே வேண்டாம், உள்ளேயே மடித்து விடுங்கள். பெரிய தையலாகப் போட்டால் அடுத்த ஆண்டு பிரித்து விடுவது எளிது. கால் நீளத்துக்கும் அப்படியே, இரண்டு மடிப்பு உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: இரவு உடை?

தொளதொளப்பானது வேண்டாம், தீப்பொறி பட்டால் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் இரவு உடை தீயைத் தாங்கும் துணியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்போடு ஒட்டித் தைத்திருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அப்படி ஒட்டி வெட்டிய பைஜாமாக்கள் நம் குழந்தைகளுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தும்.

கேள்வி: குளிருக்குப் பஞ்சு வைத்த கோட் பெரிதாக வாங்கி, உள்ளே நிறையப் போட்டு நிரப்பலாமா?

காற்று புகுந்தால் கோட் இருந்தும் குளிரும். ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதன் மேல் இடுப்பில் இறுக்கம் உள்ள கோட் என்று அடுக்குங்கள். ஆனால் கார் இருக்கையில் உட்காரவைக்கும்போது அந்தக் கோட்டைக் கழற்றிவிடுங்கள். மோதல் நேர்ந்தால் பஞ்சு அமுங்கி இருக்கைப் பட்டை தளர்ந்துவிடும், ஒல்லியான குழந்தை அதிலிருந்து நழுவிவிடக்கூடும். பட்டையை உடம்போடு இறுக்கிய பிறகு கோட்டை மேலே போர்த்துங்கள்.

கேள்வி: கடைக்குக் குழந்தையை அழைத்துப் போனால் அடம் பிடிக்கிறான். அளவு மட்டும் கொண்டுபோனால் போதாதா, அக்கா?

சட்டைக்குப் போதும். கால்சட்டைக்கு அவனே வர வேண்டும், தம்பி. பசியில்லாத நேரமாகப் பார்த்து அழைத்துப் போங்கள். மூன்றுக்கு மேல் போட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். நிமிர்ந்து நிற்கும்போது எல்லாமே பொருந்தும், அதனால் கண்ணாடி முன் நிறுத்தாமல் விளையாட விடுங்கள். தவளைபோலக் குந்தி எழட்டும், பின்னால் இடுப்புப் பட்டி இறங்குகிறதா பாருங்கள். இரு கைகளையும் தூக்கிக் குதிக்கட்டும், கால்சட்டை நழுவுகிறதா பாருங்கள். கழற்றிய பிறகு இடுப்பில் சிவந்த தடம் இருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். கடைசியாகக் கடையின் அந்தக் கோடி வரை ஓடி வரச் சொல்லுங்கள். இரு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி வந்தானென்றால் பணத்தைக் கட்டிவிடலாம்.