கோயில் மண்டபத்தில் கொலைக்கதையா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, லண்டனில் படிக்கும் என் மகள், அங்கே நகரத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் ஒரு சாயங்காலம் துப்பறியும் நாவலாசிரியர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து போனில் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். நம் ஊரிலும் செய்யலாமே என்று எனக்கு ஆசை. தமிழில் மர்மக் கதை எழுதும் ஒருவர் அடுத்த மாதம் வரச் சம்மதித்துவிட்டார். ஃபாதருக்கும் சரிதான். ஆனால் எங்கள் கோயிலின் பங்குப் பேரவையில் பெரியவர்கள் இரண்டு பேர், "ஆண்டவர் சந்நிதியில் கொலைக்கதையா?" என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். போதாததற்கு, இரண்டு வருடத்துக்கு முன் வெட்டுக்குத்தில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாவும் எங்கள் பங்கில் இருக்கிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. பையன்கள் கத்தியும் ரத்தத்துளியும் போட்டு நோட்டீஸ்கூடத் தயார் செய்துவிட்டார்கள். என்ன செய்வது?
- வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரம், மலேசியா

பதில்: அன்புத் தங்கைக்கு,

பெரியவர்களின் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் விதிப்படி கோயிலுக்குள் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுவது மட்டுமே நடக்கலாம். வேறு எதற்கென்றாலும் ஆயரின் அனுமதி வேண்டும். அதனால் பீடத்துக்கு முன்னால் வேண்டாம், மண்டபத்தில் வையுங்கள். இந்த அளவுக்குப் பெரியவர்கள் சொன்னது நியாயம்தான் என்று அவர்களிடமே ஒப்புக்கொள்ளுங்கள்.

கதையே ஆகாது என்றால் விவிலியத்தை எடுத்துக்கொண்டு போங்கள். மரத்தடியில் ஒருவனோடு இருந்தாள் என்று சூசன்னா என்ற பெண் மீது பொய்ச்சாட்சி சொன்ன இரண்டு நடுவர்களைத் தானியேல் தனித்தனியே நிறுத்தி, "எந்த மரத்தடியில் பார்த்தாய்?" என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். அதை அடுத்து வரும் கதையில், பேல் தெய்வத்தின் கோயில் தரையில் சாம்பலைத் தூவச் சொல்லி, ராத்திரியில் வந்து படையலைத் தின்றவர்களின் காலடியை விடிந்ததும் அரசனுக்குக் காட்டுகிறார். துப்பறியும் கதைக்கு இதைவிடப் பழைய வேர் எங்கே தேடுவது? ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1911-இல் நூலாக வெளியிட்ட கதைகளில் குற்றவாளியைக் கண்டுபிடிப்பவரே ஒரு குருவானவர், ஃபாதர் பிரவுன். பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித மனம் தெரிந்தவர். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1879-இல் தமிழின் முதல் நாவலைத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக உட்கார்ந்து வழக்குகளைக் கேட்டவர்.

இனி அந்த அம்மா. அவருக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்தது "போதாததற்கு" என்று ஆரம்பிக்கும் ஒரு வரி. எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. (நீங்கள் எழுதியிருந்த பெயரையும் தாமான் (குடியிருப்பு) பெயரையும் நான் அச்சில் வராமல் எடுத்துவிட்டேன்.)

என் பெரியம்மா மகன் தோட்டத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பையன்கள் ஏதோ கொலைப் படத்தை ருசித்து ருசித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து பின்கட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். பைப்பை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் அந்தப் பேச்சு கேட்காது.

அதனால்தான் முதல் வேலையாக அந்த நோட்டீஸை நிறுத்தச் சொல்கிறேன். கோயில் கேட்டில் அதை ஒட்டினால் அந்த அம்மா ஞாயிறுதோறும் அந்தக் கத்தியைத் தாண்டித்தான் பூசைக்கு வர வேண்டும். பேச்சாளர் பெயர், தேதி, நேரம் போதும்.

பிறகு அவர் வீட்டுக்குப் போங்கள். கூட்டமாக வேண்டாம், அவருக்கு நெருக்கமான ஒரு பெண்ணை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். "நடத்தலாமா?" என்று கேட்காதீர்கள். பங்கே நடத்த நினைக்கும் ஒன்றை அவர் எப்படி வேண்டாம் என்பார்? வாய் சரி என்றுதான் சொல்லும். இப்படி ஒன்று யோசித்திருக்கிறோம், உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை என்று சொல்லுங்கள். டீ ஓ (பால் சேர்க்காத டீ) கலக்கிக் கொண்டுவந்தால் குடியுங்கள். மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு வருடமாக அதைக் கேட்க எத்தனை பேர் போயிருப்பார்கள்? அவர் தாங்கமாட்டார் என்று உங்களுக்குப் பட்டால், வழக்கு முடியும்வரை தள்ளிப் போடுங்கள். காரணத்தை நீங்களே சுமந்துகொள்ளுங்கள். அவரால்தான் நின்றது என்று ஊரில் ஒரு பேச்சு வரக்கூடாது. எழுத்தாளரை அடுத்த வருடமும் கூப்பிடலாம்.

நடத்துவதாக இருந்தால் எழுத்தாளரிடமும் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கேள்வி நேரத்தில் மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள். யாராவது ஒருவர் அந்த வழக்கை இழுப்பார். நடந்துகொண்டிருக்கும் வழக்கை மேடையில் அலசுவது கோர்ட் அவமதிப்பில் கொண்டுபோய் விடலாம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கி, ஃபாதரோ நீங்களோ படித்துப் பார்த்துக் கொடுங்கள்.

எதைப் பேசுவது என்று எழுத்தாளர் கேட்டால், உங்கள் ஊரையே கொடுங்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. துரைகளின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. மறுநாள் விடியற்காலையில் அதே பால்மரங்களுக்கு நடுவே கத்தியும் வாளியுமாக நடந்த நம் தாத்தா பாட்டிகள் என்ன நினைத்துக்கொண்டு நடந்தார்கள்? கொலைக்குப் பிறகு ஓர் ஊர் எப்படி மூச்சுவிடுகிறது என்று நாவலாசிரியர் பேசினால், பெரியவர்கள் இரண்டு பேரும் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள் என்றே நம்புகிறேன்.

ஆனால் எழுத்தாளருக்குப் போன் பண்ணுவது அப்புறம். இந்த வாரமே ஒரு சாயங்காலம், மழை விட்டதும், அந்த அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள்.