ஒரு மெடிக்கல் ரிசர்ச்சருக்கு சைட்டேஷன் அதிகமா இருந்தா பெரிய ஆளுன்னு அர்த்தமா?

ஆராய்ச்சிக் கட்டுரைகள தேடுற கூகுள் ஸ்காலர் சைட்ல ஒரு டாக்டர் பேர போட்டா அவரோட ஆராய்ச்சி பேப்பர் எண்ணிக்கை, சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ்னு வருதே, அத வச்சு ஆள எடை போடலாமான்னு கேட்டிருக்கீங்க. ஓரளவுக்குத்தான்.

சைட்டேஷன்னா இன்னொரு பேப்பர்ல இவரோடத மேற்கோள் காட்டுறது, அவ்ளோதான். ஹெச்-இண்டெக்ஸ் 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்னது, 20ன்னா குறைஞ்சது 20 தடவ மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் 20 இருக்குன்னு அர்த்தம்.

இப்போ ஆலிவர் லோரிய எடுத்துக்கோங்க. அமெரிக்கால செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யுனிவர்சிட்டில இருந்தவர், 1951ல புரோட்டீன அளக்குற ஒரு முறைய மூணு பேரோட சேர்ந்து எழுதினார், அதுக்கு 3 லட்சத்துக்கு மேல சைட்டேஷன். பெரிய கண்டுபிடிப்புன்னு இல்ல, லேப்ல புரோட்டீன் அளந்தவங்க எல்லாம் அந்த முறைய யூஸ் பண்ணிட்டு அவர் பேர போட்டாங்க. அது அப்படி ஒண்ணும் மகா பேப்பர் இல்லன்னு அவரே சொல்லியிருக்கார்! வேடிக்கை என்னன்னா ஹெச்-இண்டெக்ஸ்ல அந்த 3 லட்சமும் வெறும் ஒரு பேப்பர் கணக்குதான்.

திட்டுறதுக்காக காட்டினாலும் சைட்டேஷன்தான். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சு போட்ட வேக்ஃபீல்டுங்கிற பிரிட்டிஷ் டாக்டரோட 1998 பேப்பர், வெறும் 12 பசங்கள வச்சு எழுதினது, அத வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010ல வாபஸ் வாங்கிடுச்சு, ஆனா மறுத்து எழுதுறவங்களும் அதத்தான காட்டணும், அதனால கணக்கு ஏறிட்டே போகுது.

அதனால நம்பர பார்த்ததும் அசந்துடாதீங்க, அதே துறைல அதே வயசு ஆளோட ஒப்பிடுங்க, பேப்பர்ல அவர் பேர் முதல்ல இருக்கா (பெரும்பாலும் முக்கிய வேலைய செஞ்சவர்) கடைசில இருக்கா (பெரும்பாலும் டீம் தலைவர்) இல்ல நடுவுல 30 பேரோட ஒண்ணா இருக்கான்னும் பாருங்க.